பேட்டரி வண்டி வாங்குவதற்கு முன்னால்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



கூட்டமைப்பு சார்பில் ஒரு பேட்டரி வண்டி வாங்கலாமா, வாங்கினால் எந்த வண்டி என்று மூன்று கூட்டமாகப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. நான் தூய்மைக் காவலராக வேலைக்குச் சேர்ந்து, இப்போது ஐந்து வருஷமாக ஊராட்சியின் பேட்டரி குப்பை வண்டியை ஓட்டி வருகிறேன். அதனால் "நீயே விசாரிச்சு வந்து சொல்லும்மா" என்று தலைவி அக்கா சொன்னார்கள். நான்கு மாதமாகக் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டதை உங்கள் முன்னால் வைக்கிறேன்.

இது சின்ன விஷயம் இல்லை. இந்தப் பணம் வாரம் ஐம்பது, நூறு என்று நாம் சேமித்ததும், அதை நம்பி பேங்க் கொடுத்ததும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் தவணை தேதி தவறாமல் வந்துவிடும். அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் நம் கைக்கு வந்திருக்கும் பேரத்தைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். ஈ.சி.ஆர். பக்கம் ஒரு ரிசார்ட்டில் ஓடின ஆறு சீட்டு பேட்டரி கார் மலிவாக வருகிறது என்று ஒரு புரோக்கர் படம் அனுப்பியிருந்தார். வெள்ளை நிறம், மேலே கூரை, பக்கத்தில் கதவு கிடையாது, ஏறி இறங்கச் சுலபம். படத்தைப் பார்த்தவர்கள் எல்லோருமே "இதையே வாங்கிடலாம்" என்றார்கள். எனக்கும் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அது எதற்காகச் செய்த வண்டி என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்குப் பேர் கோல்ஃப் கார்ட். கோல்ஃப் என்பது பெரிய புல்வெளியில் பந்தை அடித்துக் குழிக்குள் தள்ளும் விளையாட்டு. நம்ம கிண்டியிலும் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அந்த மைதானங்கள் இருக்கின்றன. பதினெட்டு குழியையும் சுற்றி வந்தால் பல கிலோமீட்டர் நடக்க வேண்டும். வயதானவர்கள் அவ்வளவு தூரம் நடக்க முடியாமல், பந்தடிக்கிற மட்டையையும் தூக்கிக்கொண்டு போக வண்டி கேட்டார்கள். அமெரிக்காவில் 1954-ல் ஈசி-கோ, 1958-ல் கிளப் கார் என்று இதற்கென்றே கம்பெனிகள் வந்தன. ஆக, புல்வெளியில் சத்தமில்லாமல், மெதுவாக, ஒரே மைதானத்துக்குள் சுற்றி வரப் பிறந்தது அந்த வண்டி. சின்ன டயர், தாழ்ந்த தரை, மணிக்கு இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் வேகம்.

பிறகு அதே வண்டியை நீட்டி ஆறு சீட்டு, எட்டு சீட்டு, பதினான்கு சீட்டு வரை செய்தார்கள். நம்ம நாட்டிலும் செய்கிறார்கள். சென்னை ரயில் நிலையத்தில் வயதானவர்களை பிளாட்பாரத்தில் ஏற்றிப் போவது, வண்டலூர் உயிரியல் பூங்காவைச் சுற்றிக் காட்டுவது, பெரிய கோயில்களில் நடக்க முடியாதவர்களைக் கொண்டுபோய் விடுவது எல்லாம் இந்தச் சாதிதான். அங்கெல்லாம் அது நல்ல வண்டி. ஏனென்றால் அது மதில் சுவருக்குள் ஓடுகிறது. எதிரே லாரி வராது, பஸ் வராது.

நமக்கு வேண்டியது அதுவா? பிரம்மதேசத்திலிருந்து ஒரு பக்கம் திண்டிவனம், இன்னொரு பக்கம் மரக்காணம். நடுவில் உப்பு லாரி, மீன் வண்டி, கல் லாரி, தனியார் பஸ். அந்த ரோட்டில் கதவில்லாத, கம்பி போட்டுக் காக்காத, தாழ்ந்த வண்டியில் ஆறு பெண்களை ஏற்றிக்கொண்டு போவதை நினைத்துப் பாருங்கள்.

அதைவிட முக்கியம் ஒன்று இருக்கிறது. இந்த மாதிரி வண்டி பொது ரோட்டில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது இல்லை. அதனால் ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவு செய்ய வழி இருக்காது. பதிவு இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டினால், காப்பீடும் கைகொடுக்காது. யாராவது ஒருவருக்கு அடிபட்டால் நஷ்ட ஈடு யார் தலையில் விழும்? வண்டி கூட்டமைப்பு பேரில் இருந்தால் கூட்டமைப்பின் தலையில். நாம் எத்தனை வருஷம் சேர்த்த பணம் ஒரே நாளில் போய்விடும்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. டெல்லியில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே இ-ரிக்‌ஷா என்ற பேட்டரி ரிக்‌ஷாக்கள் பதிவும் இல்லாமல், லைசென்சும் இல்லாமல் ஆயிரக்கணக்கில் ஓடின. 2014 ஜூலையில் அப்படி ஒரு வண்டி இடித்ததில், தாயின் கையிலிருந்த குழந்தை இனிப்புக் கடையின் கொதிக்கிற சர்க்கரைப் பாகில் விழுந்து இறந்துபோனது. அந்த மாதக் கடைசியிலேயே டெல்லி உயர் நீதிமன்றம் இ-ரிக்‌ஷாக்களை நிறுத்தி வைத்தது. ஓட்டிப் பிழைத்த அத்தனை குடும்பமும் ஒரே நாளில் வருமானம் இல்லாமல் நின்றது. அதற்கப்புறம்தான் 2014 அக்டோபரில் விதிகள் வந்தன, 2015-ல் மோட்டார் வாகனச் சட்டமே திருத்தப்பட்டது. குழந்தையைப் பறிகொடுத்த தாயும் ஏழை, வண்டி நின்றுபோன ஓட்டுநரும் ஏழை. காகிதம் சரியாக இல்லாத வண்டியால் இரண்டு பக்கமும் நம்ம மாதிரி ஆட்கள்தான் அடிபடுகிறார்கள்.

சரி, அப்படியானால் ரோட்டில் ஓட்டக்கூடிய பேட்டரி வண்டி என்னென்ன இருக்கிறது?

ஒன்று, இ-ரிக்‌ஷா. மூன்று சக்கரம். ஓட்டுபவர் போக நான்கு பேர் உட்காரலாம், கூடவே நாற்பது கிலோ சாமான் ஏற்றலாம். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. விலை குறைவு. ஊருக்குள்ளே, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம் என்று குறுக்கும் நெடுக்கும் போக இது போதும். பெரிய ரோட்டில் நெடுந்தூரம் போக இது தாங்காது.

இரண்டாவது, இ-கார்ட். அதே உடம்புதான், ஆனால் பின்னால் சீட்டுக்குப் பதில் தொட்டி. விதிப்படி 310 கிலோ வரை ஏற்றலாம். வேகம் இதற்கும் 25 தான். ஊராட்சிகளில் குப்பை அள்ள நாங்கள் ஓட்டுகிற வண்டியும் இந்த வகையை ஒட்டியதுதான், பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் வைப்பதற்குத் தகுந்த மாதிரி செய்தது.

மூன்றாவது, இ-ஆட்டோ. பெட்ரோல் ஆட்டோ மாதிரியே இருக்கும். ஓட்டுபவர் போக மூன்று பேர். 45, 50 கிலோமீட்டர் வேகம் போகும். பெரும்பாலும் லித்தியம் பேட்டரி. விலை கூடுதல், ஆனால் உடம்பு கெட்டியானது, திண்டிவனம் வரைக்கும் தைரியமாகப் போய் வரலாம்.

நான்காவது, லோடு இ-ஆட்டோ. மல்லாட்டை மூட்டை, காய்கறிக் கூடை, தர்பூசணி, கருவாட்டுக் கூடை எல்லாம் ஏற்றலாம். மாடலைப் பொறுத்து ஐந்நூறு கிலோ வரைக்கும் தாங்கும்.

இந்த நான்கிலும் ஆர்.டி.ஓ. பதிவு உண்டு. வாடகைக்கு ஓடும் பேட்டரி வண்டியின் நம்பர் பிளேட் பச்சை நிறத்தில், எழுத்து மஞ்சளில் இருக்கும். அதை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். பேட்டரியில் ஓடும் வாடகை வண்டிகளுக்கு பெர்மிட் தேவையில்லை என்று 2018 அக்டோபரில் மத்திய அரசு சொல்லிவிட்டது. ஆனால் பெர்மிட்தான் வேண்டாம்; பதிவு, எஃப்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் வேண்டும். இதைக் குழப்பிவிட்டு "பேட்டரி வண்டிக்கு ஒண்ணுமே தேவையில்லீங்க" என்று விற்பவர்கள் சொல்வார்கள். மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவாகவும் வேகம் 25-க்குள்ளும் இருக்கும் சின்ன ஸ்கூட்டருக்குத்தான் அந்தச் சலுகை. ஆள் ஏற்றும் வண்டிக்கு இல்லை.

இ-ரிக்‌ஷா, இ-கார்ட் ஓட்டுவதற்குப் பத்து நாள் பயிற்சி எடுக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. நம்ம பிள்ளைகளில் எட்டாவது, பத்தாவது படித்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பத்து நாளில் ஒரு தொழில் கையில் வரும் என்றால் அது நல்ல விஷயம்தானே!

இப்போது பேட்டரிக்கு வருகிறேன். இதைத்தான் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பேட்டரி வண்டியின் விலையில் பெரிய பங்கு பேட்டரிதான். வண்டி மாடு என்றால் பேட்டரி அதன் வயிறு.

இரண்டு வகை உண்டு. ஒன்று, வீட்டு இன்வெர்ட்டரில் இருப்பது போல ஈய பேட்டரி. தண்ணீர் ஊற்ற வேண்டும், கனமாக இருக்கும், முழு சார்ஜ் ஏற எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். விலை குறைவு, ஆனால் தினமும் ஓடும் வண்டியில் ஒன்று ஒன்றரை வருஷத்தில் மாற்ற வேண்டி வரும். இன்னொன்று லித்தியம். எடை குறைவு, மூன்று நான்கு மணி நேரத்தில் ஏறிவிடும், தண்ணீர் வேலை கிடையாது, நல்லதாக வாங்கினால் ஐந்து வருஷம் வரும். விலை அதிகம்.

பேட்டரியில் எவ்வளவு கரண்ட் இருக்கிறது என்று நீங்களே கணக்குப் போடலாம். அதன் மேல் வோல்ட் என்றும் ஆம்பியர்-அவர் என்றும் இரண்டு எண் எழுதியிருக்கும். இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். 48 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் என்றால் 4.8 யூனிட். நம்ம வீட்டு மீட்டரில் ஓடுகிற அதே யூனிட்தான். ஈய பேட்டரியை அடிமட்டம் வரை காலி செய்தால் சீக்கிரம் செத்துவிடும், அதனால் நான்கு யூனிட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது. யூனிட்டுக்குப் பதினைந்து கிலோமீட்டர் என்று வைத்தால் அறுபது கிலோமீட்டர். அதுவும் புதுசில். லோடு ஏற ஏற, வருஷம் ஏற ஏற அது குறையும். "ஒரு சார்ஜுக்கு நூறு கிலோமீட்டர்" என்று நோட்டீசில் போட்டிருந்தால், எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு, எந்த ரோட்டில், எத்தனை மாதப் பேட்டரியில் என்று கேளுங்கள்.

இப்போது பணக் கணக்கு. விலைகளை நான் உதாரணத்துக்காகத்தான் சொல்கிறேன், வாங்குகிற அன்றைக்குக் கடையில் எழுதி வாங்கிய விலையைப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைப்போம். பெட்ரோல் ஆட்டோ என்றால் இரண்டு லிட்டர், இருநூறு ரூபாய். பேட்டரி என்றால் ஐந்து யூனிட், யூனிட் பத்து ரூபாய் போட்டாலும் ஐம்பது ரூபாய். நாளுக்கு 150 ரூபாய் மிச்சம். மாதம் 26 நாள் ஓடினால் 3,900 ரூபாய். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது, இல்லையா?

இதோடு கணக்கை நிறுத்திவிடக்கூடாது. ஈய பேட்டரி நான்கும் சேர்த்து 48,000 ரூபாய், பதினாறு மாதம் உழைக்கும் என்று வைப்போம். மாதம் 3,000 ரூபாய் தனியாக எடுத்து வைத்தால்தான் பதினாறாவது மாதம் புது பேட்டரி போட முடியும். அப்படியானால் உண்மையான மிச்சம் 900 ரூபாய்தான். லித்தியம் 1,20,000 ரூபாய், அறுபது மாதம் என்றால் மாதம் 2,000 ரூபாய். மிச்சம் 1,900. முதலில் மலிவாகத் தெரிந்ததுதான் கடைசியில் செலவு கூட வைக்கிறது.

பல இடங்களில் பேட்டரி வண்டி மூலையில் நிற்பதற்குக் காரணம் இதுதான். வண்டி கெட்டுப் போயிருக்காது. பேட்டரிக்குப் பணம் எடுத்து வைத்திருக்க மாட்டார்கள். ஊர் பேர் வேண்டாம், ஒரு வண்டி மழையில் நனைந்து, சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டு நின்றதை என் கண்ணால் பார்த்தேன். அதனால் நான் கேட்பது இதுதான்: வண்டிக் கணக்கு நோட்டில் முதல் நாளிலிருந்தே "பேட்டரி நிதி" என்று ஒரு பத்தி வேண்டும். அதில் கை வைக்க யாருக்கும் உரிமை இருக்கக்கூடாது, எவ்வளவு அவசரமானாலும்.

பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் ஒரு சோதனை சொல்கிறேன். முழு சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் அப்படியே விட்டு, மல்டி மீட்டர் வைத்து ஒவ்வொரு பேட்டரியாகப் பாருங்கள். பன்னிரண்டு வோல்ட் ஈய பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் 12.6, 12.7 காட்டும். மூன்று பேட்டரி 12.7 காட்டி ஒன்று மட்டும் 12.1 காட்டினால், "மூணு நல்லாத்தானே இருக்கு" என்று ஏமாறாதீர்கள். நம்ம குழுவில் ஒருவர் தவணை தவறினால் மொத்தக் குழுவுக்கும் கிரேடு இறங்குகிறது இல்லையா, அதே மாதிரி அந்த ஒன்று மற்ற மூன்றையும் இழுத்துக் கீழே கொண்டுவந்துவிடும். வண்டி மொத்தத்துக்கும் அந்த ஒன்றின் பலம்தான்.

ஓட்டிப் பார்க்கும்போது தனியாக ஓட்டிப் பார்க்காதீர்கள். எத்தனை சீட்டோ அத்தனை பேரும் ஏறி உட்காருங்கள். ஏரிக்கரை மேட்டில் ஏற்றிப் பாருங்கள், இறக்கத்தில் பிரேக் போட்டுப் பாருங்கள். புடவை கட்டிக்கொண்டு ஏறி இறங்க முடிகிறதா, கால் பிரேக்குக்கு எட்டுகிறதா, புடவை முந்தானை சக்கரத்தில் மாட்டாமல் பக்கத்தில் தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இதெல்லாம் கடைக்காரர் சொல்ல மாட்டார். வண்டியைச் செய்தவர்கள் பேண்ட் போட்ட ஆம்பளையை மனசில் வைத்துத்தான் செய்திருப்பார்கள்.

அதற்காகப் பேட்டரி வண்டி பெண்களுக்குச் சம்பந்தம் இல்லாத தொழில் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோயம்புத்தூரில் 2008-ல் ஆம்பியர் என்ற பேட்டரி வண்டிக் கம்பெனியைத் தொடங்கியவர் ஹேமலதா அண்ணாமலை என்ற ஒரு பெண்தான். இந்த நாட்டில் பேட்டரி வண்டி என்றால் பொம்மை என்று சிரித்த காலம் அது. 2018-ல் கிரீவ்ஸ் காட்டன் என்ற பெரிய கம்பெனி அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2021-ல் ராணிப்பேட்டையில் அதற்குத் தொழிற்சாலையே வந்தது. செய்யத் தெரிந்த கைக்கு வாங்கவும் ஓட்டவும் தெரியாதா என்ன?

கூட்டமைப்பு மூலம் வண்டி வாங்கி ஓட்டுவதும் புதுசு இல்லை. 2017-ல் மத்திய அரசு ஆஜீவிகா கிராமீன் எக்ஸ்பிரஸ் யோஜனா என்று ஒரு திட்டம் கொண்டு வந்தது. பஸ் சரியாகப் போகாத கிராமங்களில் மகளிர் குழு உறுப்பினர்களே வண்டி ஓட்டுவது அதன் நோக்கம். இ-ரிக்‌ஷாவும் அதில் உண்டு. வண்டிக்கு ஆறரை லட்சம் ரூபாய் வரை வட்டியில்லாக் கடனாகக் கொடுக்கலாம் என்று வைத்தார்கள். அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று. வண்டி வாங்குவதற்கு முன்னால், எந்த ஊருக்கு, எந்த நேரத்துக்கு, எத்தனை பேர் போகிறார்கள் என்று கணக்கெடுக்க வேண்டும். இன்றைக்கு நமக்கு என்ன உதவி கிடைக்கும் என்பதை வட்டார இயக்க மேலாண்மை அலகில் கேட்டு எழுதி வாங்கலாம். ஆனால் அந்தக் கணக்கெடுப்பை யாரும் சொல்லாமலே நாம் செய்யலாம்.

எப்படிச் செய்வது? ஒவ்வொரு குழுவும் ஒரு மாதம் ஒரு நோட்டில் எழுதட்டும். யார் எங்கே போனார்கள், எத்தனை மணிக்கு, என்ன கொடுத்தார்கள், கையில் எத்தனை கிலோ சாமான் இருந்தது. டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் கிடையாது என்பதை மறந்துவிடாதீர்கள். 2021-லிருந்து பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பஸ் இலவசம். அப்படியிருக்க பஸ் போகிற நேரத்தில் பஸ் போகிற ரோட்டில் நம்ம வண்டி ஓடினால் யார் காசு கொடுத்து ஏறுவார்கள்? பஸ் போகாத தெருவும், பஸ் இல்லாத நேரமும், பஸ்ஸில் ஏற்ற முடியாத மூட்டையும்தான் நமக்கு வேலை.

நான் கேட்டு வந்தவரையில், ஆளைவிட மூட்டைதான் நமக்குப் பெரிய கஷ்டம். மல்லாட்டை உடைத்து, எண்ணெய் ஆட்டி, மசாலா அரைத்து, கருவாடு கட்டி வைத்திருக்கிறோம். அதைத் திண்டிவனம் கொண்டுபோக வாடகை வண்டிக்காரரைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. அரை லோடு என்றால் வர மாட்டேன் என்கிறார், வந்தால் முழு லோடு காசு கேட்கிறார். லாபத்தில் பாதி அங்கேயே போகிறது. அதனால் என் யோசனை, ஆள் ஏற்றும் வண்டியைவிட லோடு இ-ஆட்டோ நமக்குப் பொருத்தம். இது என் யோசனைதான், நோட்டுக் கணக்கு வேறு மாதிரி சொன்னால் அதன்படி போகலாம்.

அப்படியென்றால் கோல்ஃப் கார்ட் வேண்டவே வேண்டாமா? அப்படியும் சொல்லவில்லை. நாளைக்கு ஒரு பெரிய கோயிலோ, ரிசார்ட்டோ, கல்லூரியோ "எங்க வளாகத்துக்குள்ள வண்டி ஓட்டித் தர்றீங்களா" என்று நமக்கு ஒப்பந்தம் கொடுத்தால், அன்றைக்கு அதுதான் சரியான வண்டி. அப்போதும் ஒப்பந்தம் கையில் வந்த பிறகுதான் வாங்க வேண்டும். வேலை தெரிந்த பிறகு கருவி. கதிர் முற்றுவதற்கு முன்னால் யாரும் அரிவாளைத் தீட்டி வைத்துக்கொண்டு வட்டி கட்ட மாட்டோம்.

கடைசியாகப் பாதுகாப்பு பற்றிச் சில வார்த்தை. ஈய பேட்டரி சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், நெருப்புப் பட்டால் வெடிக்கும். அதனால் படுக்கிற அறையிலோ, அடுப்பு இருக்கிற இடத்திலோ, கூரைக் கொட்டகையிலோ சார்ஜ் போடக்கூடாது. காற்று வரும் இடம் வேண்டும், எர்த் போட்ட தனி பிளக் வேண்டும். ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். நம்ம போர் தண்ணீரில் உப்பு அதிகம், அதை ஊற்றினால் பேட்டரி போச்சு. ஊற்றும்போது கையுறை போடுங்கள், உள்ளே இருப்பது ஆசிட். லித்தியம் வாங்கினால் ஏ.ஐ.எஸ். 156 தரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். கம்பெனி கொடுத்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் மாட்டாதீர்கள்.

மழையை மறக்காதீர்கள். 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் நம்ம கரையோரம்தான் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ ஐம்பது சென்டிமீட்டர் மழை. எத்தனை டூவீலர் தண்ணீரில் நின்று வீணாய்ப் போனது என்று உங்களுக்கே தெரியும். பேட்டரி வண்டிக்கு மேடான இடத்தில், தளம் உயர்த்தி, ஷெட் போட்ட பிறகுதான் வண்டி வர வேண்டும். ஷெட் செலவையும் சார்ஜ் மீட்டர் செலவையும் வண்டி விலையோடு சேர்த்தே திட்டம் எழுதுங்கள்.

வாங்குகிற கடை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைவிட, பழுது பார்க்கிற ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று பாருங்கள். திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ சர்வீஸ் இல்லாத கம்பெனி வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். வாரண்டியை வாயால் சொன்னால் ஏற்காதீர்கள். பேட்டரிக்கு எத்தனை வருஷம், எத்தனை கிலோமீட்டர், மோட்டாருக்கு எவ்வளவு, கண்ட்ரோலருக்கு எவ்வளவு என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

ஓட்டுவதற்கு ஒருத்தரை மட்டும் பயிற்சிக்கு அனுப்பாமல் இரண்டு பேரை அனுப்புங்கள். ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை என்றாலோ, பிரசவம் என்றாலோ வண்டி நிற்கக்கூடாது. ஓட்டுகிற பெண்ணுக்கு நாள் கூலி முதலில், அதற்கப்புறம் தவணை, அதற்கப்புறம் பேட்டரி நிதி, மிச்சம்தான் லாபம். "நம்ம பொண்ணுதானே, ஓட்டட்டும்" என்று கூலியைத் தள்ளிப்போட்டால் அவள் ஆறு மாதத்தில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். அவள் செய்வதும் தப்பு இல்லை.

ஆகவே மூன்று கோரிக்கைகளைத் தீர்மானமாக வைக்கிறேன். ஒன்று, ரிசார்ட் வண்டி பேரத்தை இன்றோடு விட்டுவிடலாம். இரண்டு, எல்லாக் குழுக்களும் ஒரு மாதம் பயண நோட்டு எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வரட்டும். மூன்று, நோட்டைப் பார்த்த பிறகு ஒரு லோடு இ-ஆட்டோவை ஒரு மாதம் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்ப்போம். வாடகை கொடுத்தும் கையில் நின்றால் வாங்குவோம். நிற்காவிட்டால் ஒரு மாத வாடகையோடு போகும், ஐந்து வருஷத் தவணை நம்ம கழுத்தில் விழாது.

கை தூக்குவதற்கு முன்னால் கேள்வி கேளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், மீதியைச் சேர்ந்து போய் விசாரிப்போம்.